இந்த அமைப்பு எதிர்காலத்தைக் கேட்கிறதா? காசல் தன்மையைக் கண்டறியும் முறை

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்து 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலைப் பாலத்தில் ஏற விடாமல் நிறுத்தி வைப்பது அங்கே நடைமுறையாக இருந்தது. இந்த ஏற்பாட்டை ஒரு சிக்னல் செயலாக்க அமைப்பாகப் பார்த்தால், அதற்குள் போவது காற்றின் வேகம். அதிலிருந்து வெளிவருவது ரயில் போகலாமா, நிற்க வேண்டுமா என்ற முடிவு. காலை பத்து மணிக்குக் கிடைக்க வேண்டிய முடிவைப் பத்து மணி வரை வீசிய காற்றை மட்டுமே கொண்டு எடுத்தாக வேண்டும், ஏனென்றால் பத்து மணி பத்து நிமிடத்துக்கு வீசப்போகும் காற்று இன்னும் எந்தக் கருவியையும் தொடவில்லை. அதே அளவீடுகளை ஒரு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றி, கோட்டை வழவழப்பாக்கி வரைபடம் போடும் மாணவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பத்து மணிக்குரிய புள்ளியைக் கணக்கிடும்போது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவீடுகள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன.

முதல் வகை அமைப்பைக் காரணத்தன்மை உடையது என்றும், பொறியியல் வகுப்புகளில் வழங்குகிறபடி காசல் அமைப்பு என்றும் சொல்வார்கள். இரண்டாவது வகை காசல் அல்லாதது. இரண்டுமே முறையான அமைப்புகள்தாம்; ஆனால் ரயிலை நிறுத்தும் வேலைக்கு முதல் வகை மட்டுமே உதவும். ஓர் அமைப்பின் சமன்பாட்டையோ நிரலையோ கையில் கொடுத்தால் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று எப்படித் தீர்மானிப்பது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். காசல் என்பதன் இலக்கணத்தை, அதாவது வரையறையை, ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆயினும் தேர்வுத் தாளிலும் ஆய்வுக்கூடத்திலும் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆகையால் அந்த இடங்களில் சற்று அதிக நேரம் நிற்கலாம்.

எழுதுவதற்கு வசதியாக நேரத்தை நே என்றும், உள்ளீட்டை உ(நே) என்றும், வெளியீட்டை வெ(நே) என்றும் குறித்துக்கொள்வோம். அளவீடுகள் சீரான இடைவெளியில் எடுக்கப்படுவதாகக் கொண்டால் உ(நே−1) என்பது முந்தைய அளவீடு, உ(நே+1) என்பது அடுத்து வரப்போகும் அளவீடு.

இலக்கணத்தைச் சோதனையின் வடிவத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட நேரம் வரை, அந்த நேரத்தையும் சேர்த்து, இம்மியும் வேறுபடாத இரண்டு உள்ளீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவை எப்படி வேண்டுமானாலும் பிரிந்து போகட்டும். ஒன்றில் புயல் வரட்டும், மற்றொன்றில் காற்றே ஓய்ந்துவிடட்டும். இரண்டையும் தனித்தனியாக அமைப்புக்குள் செலுத்தினால், அந்த நேரம் வரை இரண்டு வெளியீடுகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அதுவரை ஒத்துப்போகும் எந்த இரண்டு உள்ளீடுகளைத் தேர்ந்தெடுத்தாலும் இது நடக்குமானால் அமைப்பு காசல். எங்காவது ஓரிடத்தில் தவறினாலும் காசல் அல்ல. "வெளியீடு தற்போதைய உள்ளீட்டையும் கடந்தகால உள்ளீட்டையும் மட்டுமே சார்ந்திருக்கும்" என்று பாடநூல்கள் சொல்வதும் இதையேதான். இருந்தாலும் இரண்டு உள்ளீடுகளை ஒப்பிடும் இந்த வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் சமன்பாடு எழுதவே முடியாத ஒரு கணினி நிரலையும் இதைக் கொண்டு சோதித்துவிடலாம்.

எண்களை வைத்து ஒருமுறை செய்து பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த காற்றின் வேகம், மணிக்குக் கிலோமீட்டர் கணக்கில், 9.40-க்கு 45, 9.50-க்கு 48, 10.00-க்கு 54, 10.10-க்கு 63, 10.20-க்கு 66 என்று இருக்கட்டும். முதல் அமைப்பு, தற்போதைய அளவீட்டையும் அதற்கு முந்தைய இரண்டையும் கூட்டி மூன்றால் வகுக்கிறது. பத்து மணிக்கு அதன் வெளியீடு 45, 48, 54 ஆகியவற்றின் சராசரி, அதாவது 49. இரண்டாவது அமைப்பு, தற்போதைய அளவீட்டையும் அதன் இருபுறமும் உள்ள ஒவ்வொன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கிறது. பத்து மணிக்கு அதன் வெளியீடு 48, 54, 63 ஆகியவற்றின் சராசரியான 55. இப்போது பத்து மணி வரை உள்ள எதையும் தொடாமல் 10.10-க்குரிய 63-ஐ அழித்துவிட்டு அங்கே 33 என்று எழுதுங்கள். முதல் அமைப்பின் பத்து மணி வெளியீடு அதே 49-ஆகவே நிற்கிறது. இரண்டாவதன் பத்து மணி வெளியீடு 55-இலிருந்து 45-ஆக இறங்கிவிடுகிறது. எதிர்காலத்தில் செய்த மாற்றம் நிகழ்கால வெளியீட்டை அசைத்துவிட்டது. எனவே இரண்டாவது அமைப்பு காசல் அல்ல என்று தீர்ப்பு எழுதிவிடலாம்.

இதே எண்களில் இன்னொன்றும் தெரிகிறது. திருத்தாத பழைய எண்களை வைத்துப் பார்த்தால், இரண்டாவது அமைப்பு 10.10-க்கே 61 என்று காட்டி 58-ஐத் தாண்டிவிடுகிறது. முதல் அமைப்பு 10.10-க்கு 55-இல்தான் இருக்கிறது, 10.20-க்குத்தான் 61-ஐ எட்டுகிறது. காசல் அமைப்பு பத்து நிமிடம் பிந்துகிறது. சராசரி எடுக்கும் அமைப்பு வருங்காலத்தைப் பார்க்க மறுத்தால், அதற்குக் கொடுக்கும் விலை இந்தத் தாமதம். மூன்றுக்குப் பதில் ஐந்து அளவீடுகளின் சராசரி என்றால் தாமதம் இரண்டு அளவீட்டு இடைவெளி. பொதுவாக, சராசரிக்கு எடுத்துக்கொள்ளும் அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பது தாமதம். கோடு வழவழப்பாகவும் வேண்டும், உடனுக்குடனும் வேண்டும் என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

சமன்பாட்டைப் பார்த்தே சொல்வது

சமன்பாடு கொடுக்கப்பட்டிருந்தால், உ என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது நே-யைவிடப் பெரிதாகும் வாய்ப்பு எங்காவது இருக்கிறதா என்பதே கேள்வி. வெ(நே) = உ(நே−2) என்றால் அடைப்புக்குள் இருப்பது எப்போதும் நே-யைவிடச் சிறியது; காசல். வெ(நே) = உ(நே+1) என்றால் எப்போதும் பெரியது; காசல் அல்ல. வெ(நே) = உ(நே) × உ(நே) போன்ற நேரியல் அல்லாத அமைப்பும் காசல்தான், ஏனென்றால் வர்க்கப்படுத்துவதற்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. இவற்றில் யாரும் தவறுவதில்லை.

தவறு தொடங்குவது வெ(நே) = உ(−நே) போன்றவற்றில். நே = 5 என்று போட்டுப் பார்க்கும் மாணவருக்கு வெ(5) = உ(−5) என்று கிடைக்கிறது; −5 என்பது கடந்தகாலம், ஆகவே காசல் என்று எழுதிவிடுகிறார். நே = −5 என்று போட்டிருந்தால் வெ(−5) = உ(5) என்று வந்திருக்கும். மணி −5-இல் நின்றுகொண்டு 5-ஆம் மணிக்குரிய உள்ளீட்டைக் கேட்கிறது இந்த அமைப்பு. காசல் என்று சொல்ல எல்லா நேரங்களிலும் நிபந்தனை நிற்க வேண்டும். அல்ல என்று சொல்ல ஒரே ஒரு நேரத்தில் அது உடைந்தால் போதும். ஆகையால் நேர் எண், எதிர் எண், சுழியம் ஆகிய மூன்றையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வெ(நே) = உ(2நே) என்பதில் நே = 3 போட்டவுடன் உ(6) வந்து நிற்கிறது; சந்தேகமில்லை. அதன் எதிர்ப்பக்கமான, உள்ளீட்டை மெதுவாக ஓட்டுகிற வெ(நே) = உ(நே/2) என்பதில்தான் தேர்வுத் தாள் தயாரிப்பவர்கள் கண்ணியை வைக்கிறார்கள். நே நேர் எண்ணாக இருக்கும்வரை பாதி என்பது முந்தைய நேரம். நே = −4 ஆனால் பாதி −2; எண்கோட்டில் −2 என்பது −4-க்கு வலப்புறம், அதாவது எதிர்காலம். எனவே எல்லா நேரங்களிலும் ஓடுவதாகக் கொண்டால் இதுவும் காசல் அல்ல. சுழிய நேரத்தில் தொடங்கி அதன்பின் மட்டுமே ஓடுகிற ஒரு கருவியைப் பற்றிப் பேசினால் இதே சமன்பாடு காசல் ஆகிவிடும். நேரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு, இரு திசையிலும் முடிவில்லாத நேரத்தை எடுத்துக்கொள்வதே மரபு.

மறுபுறம், நே+1 என்று கண்ணில் பட்டவுடனே காசல் அல்ல என்று முடிவுகட்டுவதும் தவறு. வெ(நே+1) = 0.5 × வெ(நே) + உ(நே+1) என்ற சமன்பாட்டில் நே+1 இரண்டு இடங்களில் வருகிறது. ஆனால் இடப்பக்கத்து வெளியீடும் அதே நே+1-க்கு உரியது. எல்லா இடத்திலும் ஒன்றைக் கழித்துவிட்டால் வெ(நே) = 0.5 × வெ(நே−1) + உ(நே) என்று, வழக்கமான காசல் வடிவமாக அது மாறிவிடுகிறது. உள்ளீட்டின் நேரத்தை வெளியீட்டின் நேரத்தோடு ஒப்பிட வேண்டுமே தவிர, தாளில் எழுதிய குறியோடு அல்ல.

ஓதப் பட்டியல் தரும் பாடம்

அடுத்தது, பலரும் சறுக்கும் ஒரு வகை. வெ(நே) = உ(நே) × கொசைன்(நே+1) என்ற அமைப்பு காசல்தானா? கொசைனுக்குள் நே+1 இருக்கிறது; ஆகவே எதிர்காலம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் கொசைன் என்பது உள்ளீடு அல்ல. எந்த நேரத்துக்கும் அதன் மதிப்பை இன்றைக்கே கணக்கிட்டுத் தாளில் எழுதி வைத்துவிட முடியும். உள்ளீட்டின் எதிர்காலம் தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. நேரத்தின் எதிர்காலம் தேவைப்படுகிறதா என்பது கேள்வி அல்ல. இந்த அமைப்பு காசல்.

இதற்கு இராமநாதபுரம் கரையிலேயே நல்ல சான்று உண்டு. பாக் நீரிணைக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் கடல்நீர்மட்டத்தின் அன்றாட ஏற்றவற்றமான ஓதம் பெரிதல்ல. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சற்றுக் கூடும். இந்த ஏற்றவற்றத்தை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வரப்போகும் ஆண்டின் ஏதோ ஒரு நாளில், இத்தனை மணிக்கு நீர்மட்டம் இவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே அச்சிட்டுவிடுகிறார்கள். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதால் இந்தக் கணிப்பு முறையைக் காசல் அல்லாதது என்று சொல்லலாமா? கூடாது. கடந்த ஆண்டுகளில் அளந்த நீர்மட்டத்திலிருந்து, நிலவுக்குரிய 12.42 மணி நேர அலை, சூரியனுக்குரிய 12 மணி நேர அலை முதலான பல அலைகளின் அளவையும், அவை எந்த நேரத்தில் உச்சம் தொடும் என்ற கட்டத்தையும் கண்டுபிடித்து, அவற்றை முன்னோக்கி நீட்டியே அந்த அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். உள்ளே போனவை எல்லாம் கடந்தகால அளவீடுகள். நிலவும் சூரியனும் எங்கே இருக்கும் என்பது முன்பே தெரிந்த வானியல் கணக்கு, மேலே பார்த்த கொசைனைப் போல.

நமது சோதனையையே இங்கும் வைத்துப் பாருங்கள். அட்டவணையை அச்சிட்ட பிறகு நடப்பதை மாற்றினால் அச்சிட்ட எண்கள் மாறுமா? 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின் கடற்பெருக்கு, அந்த நாளுக்காக முன்கூட்டிக் கணித்த எந்த ஓதக் கணக்கிலும் இருந்திருக்க முடியாது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு அதே எண்ணையே காட்டியிருக்கும். கணிப்பு பிழைபட்டிருக்கும் என்பது உண்மை. அந்தப் பிழையே, கணிப்பு எதிர்கால உள்ளீட்டைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. எதிர்காலத்தை ஊகிப்பதும் எதிர்காலத்தைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. முன்கணிப்பு அமைப்புகள் அனைத்தும், ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், காசல் அமைப்புகளே.

கடல்மட்டத் தரவிலேயே காசல் அல்லாத அமைப்புக்கும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஓத ஆய்வில் பெயர்பெற்ற இங்கிலாந்து அறிஞர் ஆர்தர் டூட்சன் வகுத்த வடிகட்டி, அதாவது தரவிலிருந்து வேண்டாத அசைவை நீக்கும் கணக்கு முறை, மணிக்கு ஒன்றாக எடுத்த 39 நீர்மட்ட அளவீடுகளை எடுத்துக்கொள்கிறது. நடுவிலுள்ள நேரத்துக்கு இருபுறமும் 19 மணி நேரம் விரிகிறது அது. ஒவ்வோர் அளவீட்டையும் சுழியம், ஒன்று, இரண்டு ஆகிய எடைகளில் ஏதேனும் ஒன்றால் பெருக்கிக் கூட்டி, முப்பதால் வகுத்தால், அன்றாட ஏற்றவற்றம் பெரும்பாலும் நீங்கி அந்த நாளின் சராசரிக் கடல்மட்டம் கிடைக்கும். நண்பகல் 12 மணிக்குரிய விடையைக் கணக்கிட, முந்தைய நாள் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரையிலான அளவீடுகள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நடுவிலுள்ள நண்பகல் அளவீட்டின் எடை சுழியம். தற்போதைய உள்ளீட்டை இந்த வடிகட்டி கண்டுகொள்வதே இல்லை. இருபுறமும் எடைகள் கண்ணாடிப் பிம்பம்போல் சமச்சீராக இருப்பதால், விடை காலத்தில் முன்னாலும் பின்னாலும் நகராமல் சரியாக நண்பகலிலேயே அமர்கிறது. காசல் சராசரியில் நாம் பார்த்த தாமதம் இதில் இல்லை.

இந்த வடிகட்டியை உடனடிக் கருவியில் பயன்படுத்தவே முடியாதா என்றால், 19 மணி நேரம் காத்திருக்கத் தயாரானால் முடியும். நண்பகலுக்குரிய விடையை மறுநாள் காலை 7 மணிக்கு வெளியிட்டால், அந்த 7 மணியிலிருந்து பார்க்கையில் தேவைப்பட்ட எல்லா அளவீடுகளும் கடந்தகாலமாகிவிட்டன. எதிர்காலத்துக்குள் எட்டிப் பார்க்கும் தூரம் ஓர் எல்லைக்குள் அடங்கியிருந்தால், அந்த அளவுக்குத் தாமதத்தைச் சேர்த்து எந்த அமைப்பையும் காசல் ஆக்கிவிடலாம். மாதச் சராசரியைப் பதிவேட்டில் ஏற்றும் அலுவலகத்துக்கு 19 மணி நேரம் பொருட்டே அல்ல. கடல் ஏறுகிறது என்று நாட்டுப்படகுக்காரர்களை எச்சரிக்க வேண்டிய அமைப்பு இந்த வடிகட்டியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பாக் நீரிணையில் மீன்பிடிக்கும் விசைப்படகுகளில் உள்ள, ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டருக்கும் இந்தத் தந்திரம் பொருந்தும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். 12 மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால் எதிரொலி சுமார் 16 மில்லி நொடியில் திரும்பும். திரும்பிய மெல்லிய எதிரொலியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க, அனுப்பிய துடிப்பையே காலத்தில் முன்பின்னாகத் திருப்பிப் போட்ட வடிவத்தை வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறை உண்டு. திருப்பிப் போட்டது என்றாலே அது சுழியத்துக்கு முன்னால் நீளும், அதாவது எதிர்காலத்தைக் கேட்கும். துடிப்பு ஒரு மில்லி நொடி நீளம் என்றால், ஒரு மில்லி நொடி தாமதித்துக் கணக்கிட்டுவிட்டு, விடையிலிருந்து அந்த ஒரு மில்லி நொடியைக் கழித்துக்கொள்ளலாம். தாமதம் எவ்வளவு என்று தெரிந்திருப்பதால் ஆழத்தில் பிழை வராது.

சமன்பாட்டில் தெரியாத எதிர்காலம்

நடைமுறையில் அதிகம் கெடுதல் செய்பவை, உ(நே+1) என்று வெளிப்படையாக எழுதப்படாத எதிர்காலங்களே. ஒரு நாள் முழுவதற்குமான காற்று அளவீடுகளை அன்றைய உச்ச வேகத்தால் வகுத்து, எல்லாவற்றையும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் கொண்டுவரும் வழக்கம் உண்டு. காலை ஆறு மணி அளவீட்டை அந்த நாளின் உச்சத்தால் வகுக்கிறோம். உச்சம் மாலை நான்கு மணிக்கு வந்தது என்றால், காலை ஆறு மணி வெளியீட்டுக்குள் மாலை நான்கு மணி புகுந்துவிட்டது. முழுத் தொடரின் சராசரியைக் கழிப்பதும் இதே ரகம். கருவி பழுதாகி ஓர் அளவீடு விடுபட்ட இடத்தை, முன்னும் பின்னும் உள்ள அளவீடுகளை நேர்கோட்டால் இணைத்து நிரப்புவதும் இதே ரகம்தான், ஏனென்றால் அந்தக் கோட்டின் மறுமுனை எதிர்காலத்தில் இருக்கிறது. வடிகட்டியைத் தொடரின் மீது ஒருமுறை முன்னோக்கி ஓட்டி, பின்னர் கடைசியிலிருந்து பின்னோக்கி இன்னொரு முறை ஓட்டும் வசதி மென்பொருள்களில் ஒரே கட்டளையாகக் கிடைக்கிறது. தாமதம் மறைந்துபோவதால் மாணவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் பின்னோக்கிய ஓட்டம் எதிர்காலத்தை முழுவதுமாக விழுங்கி வருகிறது.

இவற்றைச் செய்த தரவைக் கொண்டு காற்றையோ அலையையோ முன்கணிக்கும் நிரலைப் பயிற்றுவித்தால், சோதனையில் அது அபாரமாகத் தேறும், நேரடியாக ஓடவிட்டால் தடுமாறும். சோதனைத் தரவுக்குள் விடை கசிந்திருந்ததே காரணம். இப்படிப்பட்ட நிரலைச் சோதிக்க முன்பு சொன்ன இரட்டை உள்ளீட்டு முறையைவிட எளிதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தொடரை நடுவில் ஓரிடத்தில் வெட்டி, அதற்குப் பிந்தைய எல்லாவற்றையும் வேறு எண்களால் மாற்றி, நிரலை மறுபடி ஓட்டுங்கள். வெட்டுக்கு முந்தைய வெளியீட்டில் ஓர் எண்கூட மாறக் கூடாது. மாறினால் எங்கோ எதிர்காலம் நுழைகிறது என்பது உறுதி. மாறாவிட்டால் அந்த ஒரு தொடருக்கு, அந்த ஒரு வெட்டுக்கு மாறவில்லை என்று மட்டுமே பொருள். காசல் என்று உறுதி கூற நிரலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உள்ளீடுகளைக் கூட்டினாலோ பெருக்கினாலோ வெளியீடும் அப்படியே கூடுகிற, பெருகுகிற நேரியல் தன்மையும், உள்ளீட்டைத் தள்ளிப்போட்டால் அதே வெளியீடு அதே அளவு தள்ளி வருகிற, காலத்தால் மாறாத தன்மையும் ஒருங்கே உடைய அமைப்புகளுக்கு, அதாவது வகுப்பில் எல்.டி.ஐ. என்று சுருக்கிச் சொல்லப்படுபவற்றுக்கு, வேலை மிகவும் சுருங்கிவிடுகிறது. சுழிய நேரத்தில் மட்டும் ஒன்று, மற்ற எல்லா நேரங்களிலும் சுழியம் என்ற ஒற்றைத் துடிப்பை உள்ளே செலுத்தி, வருகிற வெளியீட்டைப் பார்த்தால் போதும். இதற்கு இம்பல்ஸ் மறுமொழி என்று பெயர். சுழியத்துக்கு முந்தைய எல்லா நேரங்களிலும் அது சுழியமாக இருந்தால் அமைப்பு காசல். துடிப்பு வருவதற்கு முன்பே வெளியீடு அசைந்தால் காசல் அல்ல. எந்த உள்ளீட்டையும் இப்படிப்பட்ட துடிப்புகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பதாலும், ஒவ்வொரு துடிப்புக்கும் அமைப்பு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதாலும் இந்த ஒரே சோதனை எல்லாவற்றுக்கும் செல்லும். அந்த இரண்டு தன்மைகளில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் குறுக்குவழியை நம்பக் கூடாது. உ(2நே) அமைப்புக்குச் சுழிய நேரத்துத் துடிப்பைக் கொடுத்துப் பாருங்கள்: வெளியீடும் சுழிய நேரத்தில் ஒற்றைத் துடிப்பாகவே வரும், குற்றமற்றதுபோல் தோன்றும். அது காலத்தால் மாறும் அமைப்பு என்பதால் சோதனை ஏமாந்துவிட்டது.

ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை முழுவதும் விட்டு, அதற்கு மேல் முழுவதும் தடுக்கும் இலட்சிய வடிகட்டியின் இம்பல்ஸ் மறுமொழி இரு திசையிலும் முடிவில்லாமல் சிற்றலையாக நீள்கிறது. டூட்சன் வடிகட்டியை 19 மணி நேரத் தாமதத்தால் மீட்டதுபோல் இதை மீட்க முடியாது, ஏனென்றால் எவ்வளவு தாமதித்தாலும் அதற்கும் முன்னால் வால் மிச்சமிருக்கும். வாலை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் வடிகட்டியின் விளிம்பு செங்குத்தாக இராமல் சரிந்துவிடும். எந்தக் கடையில் வாங்கிய வடிகட்டியும் படத்தில் போட்ட செவ்வகம்போல் வேலை செய்யாததற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

சமன்பாடே தீர்ப்புச் சொல்லாத ஓர் இடமும் இருக்கிறது. வெ(நே) = 0.5 × வெ(நே−1) + உ(நே) என்ற சமன்பாட்டை மேலே காசல் வடிவம் என்றேன். துடிப்பு வருவதற்கு முன் வெளியீடு சுழியமாக இருந்தது என்று வைத்துக்கொண்டு முன்னோக்கி ஓட்டினால், ஒற்றைத் துடிப்புக்கு 1, 0.5, 0.25 என்று தேய்ந்துபோகும் விடை கிடைக்கும். அதே சமன்பாட்டை வெ(நே−1) = 2 × (வெ(நே) − உ(நே)) என்று திருப்பி எழுதி, சுழிய நேரம் முதல் வெளியீடு சுழியம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓட்டினால், நேரம் −1-இல் −2, நேரம் −2-இல் −4 என்று துடிப்புக்கு முன்னாலேயே விடை விரிகிறது. இரண்டு விடைகளையும் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டுமே பொருந்தும். ஒன்று காசல், மற்றொன்று முற்றிலும் எதிர்காலத்தையே சார்ந்தது. எனவே இத்தகைய சமன்பாடு கொடுக்கப்பட்டால், உள்ளீடு தொடங்கும்வரை அமைப்பு ஓய்வில் இருந்தது என்ற தொடக்க நிபந்தனை சொல்லப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலான வினாத்தாள்கள் அதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன.

கடைசியாக, இந்தக் கேள்வியையே கேட்கத் தேவையில்லாத தரவும் உண்டு. மண்டபத்துக் கரையிலிருந்து கடலுக்குள் நேர்கோட்டில் சென்று, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஆழத்தை அளந்து வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். அந்த ஆழக் கோட்டை வழவழப்பாக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் கரைப்பக்கத்துப் புள்ளியையும் கடல்பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். இங்கே அச்சு நேரம் அல்ல, தூரம். கடல்பக்கத்துப் புள்ளி கரைப்பக்கத்துப் புள்ளிக்கு எதிர்காலம் ஆகாது. ஒளிப்படத்தை மங்கலாக்கும் நிரலும் அப்படியே. ஒரு படப்புள்ளியின் வலப்பக்கத்தைப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அளவீடு வர வர, வழவழப்பாக்கிய ஆழத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நேரத்தில் வந்து சேர்கிறது. அப்போது கடல்பக்கத்துப் புள்ளி இன்னும் அளக்கப்படாத ஒன்று. ஒரு புள்ளி பிந்திக் காட்டுவதா, முந்தைய புள்ளிகளை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பதா என்று நிரல் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆழம் சட்டென்று குறையும் இடங்களில் நான் இரண்டாவதைவிட முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். அதில் வரும் தாமதம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும், படகு அதற்குள் எத்தனை மீட்டர் நகர்ந்திருக்கும் என்பதையும் கணக்கிட்டு, காட்டும் ஆழத்தை அதற்குரிய இடத்திலேயே குறித்துவிடலாம்.